மக்கீனா: குறைப்பிரசவத்துக்கு ஒரு ஊசி, கேட்கப்படாத ஒரு கேள்வி

2023 ஏப்ரல் 6ஆம் தேதி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. மக்கீனா என்ற ஊசி மருந்துக்குத் தந்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. குறைப்பிரசவத்தைத் தடுப்பதற்கென்று அந்த நாட்டில் அனுமதி பெற்றிருந்த ஒரே மருந்து அது. 12 ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. யாருக்கோ பெரிய ஆபத்து நேர்ந்து அதனால் எடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மருந்து வேலை செய்வதற்கு ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லாத மருந்துக்காக எந்தப் பக்கவிளைவையும் ஏற்க முடியாது, அவ்வளவுதான் காரணம்.

மருந்துகள் தோற்பது புதிதல்ல. இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மக்கீனாவின் கதையில் இந்த உண்மை திரும்பத் திரும்ப வருகிறது. முதல் சோதனைக்கு அதிகம் சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். இரண்டாவது சோதனை தோற்றபோது அதற்குச் சொல்லப்பட்ட சாக்கு அவர்கள். கடைசியில் மருந்தைச் சந்தையில் வைத்திருக்கப் பிடித்த கேடயமும் அவர்கள்தான். அவர்களுக்கு ஏன் அதிகம் என்ற கேள்வியை மட்டும் இந்த வழக்கில் யாரும் உருப்படியாகக் கேட்கவில்லை.

சந்தேக நபர்களின் பட்டியல்

37 வாரம் முடிவதற்கு முன் குழந்தை பிறந்தால் அது குறைப்பிரசவம். 2020இல் உலகம் முழுக்க 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் மரணத்துக்கு முதல் காரணமும் இதன் சிக்கல்கள்தான். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி கறுப்பினத் தாய்மாரிடம் 14.6 சதவீதம், வெள்ளையினத் தாய்மாரிடம் 9.4 சதவீதம்.

இது ஒரே நோய் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குறைப்பிரசவங்களில் மூன்றில் ஒரு பங்கு, தாய்க்கு இரத்த அழுத்தம் எகிறியதாலோ குழந்தை வயிற்றுக்குள் வளராமல் நின்றதாலோ மருத்துவர்களே முன்கூட்டி எடுக்கும் பிரசவங்கள். மிச்சத்தில் சிலருக்கு வலி தானாக வந்துவிடுகிறது, சிலருக்கு வலியே வராமல் பனிக்குடம் உடைகிறது. கருப்பைக்குள் கிருமித்தொற்று, இரட்டைக் கரு, குட்டையான கருப்பைவாய், நஞ்சுக்கொடிக்குப் பின்னால் இரத்தக்கசிவு, புகைப்பழக்கம் என்று பின்னணியில் பலது இருக்கலாம். முன்பு ஒருமுறை குறைப்பிரசவம் ஆனவருக்கு மறுபடியும் ஆகும் வாய்ப்பு கூடுதல். ஆனாலும் பலருக்கு எந்தக் காரணமும் கண்ணில் படுவதில்லை.

காரணம் என்று சந்தேகித்த ஒவ்வொன்றையும் சரிசெய்து பார்த்தார்கள். பிறப்புறுப்பில் வழக்கமாக இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து மற்றவை பெருகும் நிலை, கறுப்பினப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது, குறைப்பிரசவத்தோடும் தொடர்புள்ளது. சரி, அதைக் குணப்படுத்தினால் இரண்டு பிரச்சினையும் தீருமே? இந்த நிலை இருந்தும் அறிகுறி எதுவும் இல்லாத 1,953 கர்ப்பிணிகளை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2000இல் வெளியானது. மெட்ரோனிடசோல் மாத்திரை கொடுத்தவர்களில் 12.2 சதவீதம் பேருக்குக் குறைப்பிரசவம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12.5 சதவீதம். தொற்று போனது, குறைப்பிரசவம் போகவில்லை. 2006இல் ஈறு நோய்க்கும் இதே கதி. 823 பெண்களில் ஒரு பாதிக்குக் கர்ப்ப காலத்திலேயே பல் சுத்தம் செய்து சிகிச்சை தந்தார்கள். ஈறுகள் தேறின, பிரசவத் தேதி நகரவில்லை.

இப்படி ஒவ்வொரு கதவாக அடைபட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு சோதனை வெற்றி பெற்றதாகச் செய்தி வந்தது. அதை ஏன் எல்லோரும் அப்படித் தாவிப் பிடித்தார்கள் என்பது இந்தப் பின்னணி தெரிந்தால் புரியும்.

பழைய மருந்து

புரொஜெஸ்டிரோன் ஹார்மோன்தான் கர்ப்பத்தைத் தாங்கி நிற்கிறது. 1929இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் முயல்களிடம் இதைக் காட்டினார்கள். 1950களில் ஆர்பாட் சாப்போ, கருப்பைத் தசையை அமைதியாக வைத்திருப்பது புரொஜெஸ்டிரோன்தான், அதன் பிடி தளரும்போது வலி தொடங்குகிறது என்ற கருத்தை முன்வைத்தார். எலி, ஆடு போன்றவற்றில் பிரசவத்துக்கு முன் இரத்தத்தில் இந்த ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. மனிதப் பெண்ணிடம் அப்படி இறங்குவதில்லை. அளவு அப்படியே இருக்க, கருப்பைத் தசை அதற்குக் காது கொடுப்பதை நிறுத்திவிடுகிறது என்பதுதான் இன்றைய விளக்கம். அப்படியென்றால் வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவதால் என்ன ஆகிவிடும்? நியாயமான கேள்வி. பதில் இல்லாமலேயே சோதனை நடந்தது.

சோதனைக்கு எடுத்தது புரொஜெஸ்டிரோனைக்கூட அல்ல. அதன் செயற்கை உறவுக்காரப் பொருள், 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் கேப்ரோயேட். டெலாலுட்டின் என்ற பெயரில் 1956இலேயே வேறு மகப்பேறு, மாதவிடாய்ப் பிரச்சினைகளுக்கு அனுமதி பெற்றது. விற்பனை நின்றுபோய் 2000இல் நிறுவனமே கேட்டுக்கொண்டு அனுமதியை முடித்துக்கொண்டது. அதாவது மருந்து மலிவு, காப்புரிமை கிடையாது, மருந்தகங்களிலேயே கலந்து தயாரித்துவிடலாம். பின்னால் வரும் விலைச் சண்டைக்கு இந்த விவரம் தேவைப்படும்.

2003: அந்தப் பெரிய வெற்றி

அமெரிக்க அரசின் குழந்தைநல ஆய்வு நிறுவனம் பணம் கொடுக்க, 19 மருத்துவ மையங்களில் பால் மைஸ் தலைமையில் சோதனை நடந்தது. முன்பு தானாகக் குறைப்பிரசவம் ஆகி, இப்போது ஒற்றைக் கரு சுமக்கும் 463 பெண்கள். 310 பேருக்கு வாரம் ஒரு ஊசி, 16 முதல் 20 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை. 153 பேருக்கு மருந்தில்லாத ஊசி. எண்ணெயில் கரைத்துப் போடும் மருந்து என்பதால் வெற்று ஊசியிலும் அதே ஆமணக்கு எண்ணெய் இருந்தது. (பிரசவ வலி வரவழைக்க விளக்கெண்ணெய் கொடுத்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகளுக்கு இது சற்று நெருடலாம். நெருடல் நமக்கு மட்டும் இல்லை. சோதனை வெளியானதும் அமெரிக்க மருத்துவர்களே இதை எழுப்பினார்கள். ஆனால் பின்னால் வந்த இரண்டாவது சோதனையிலும் அதே எண்ணெய்தான். அங்கே அது எதையும் கிளப்பவில்லை.)

2003 ஜூனில் முடிவு வெளியானது. 37 வாரத்துக்கு முன் பிரசவம் ஆனவர்கள் மருந்துப் பிரிவில் 36.3 சதவீதம், வெற்று ஊசிப் பிரிவில் 54.9 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு குறைவு. பலன் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மற்றவர்களுக்கு வெற்று ஊசி போடுவது சரியில்லை என்று சோதனையையே பாதியில் நிறுத்தியிருந்தார்கள்.

வெற்று ஊசிப் பிரிவின் எண்ணை இன்னொரு முறை பாருங்கள். அதில் 37 சதவீதம் அளவுக்குக் குறைப்பிரசவம் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் சோதனையைத் திட்டமிட்டார்கள். வந்தது 54.9. மருந்துப் பிரிவில் வந்த 36.3, மருந்தே கொடுக்காமல் எதிர்பார்த்த எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மருந்து குறைத்ததா, இல்லை மறுபக்கம் ஏதோ காரணத்தால் ஏறிக்கிடந்ததா? காரணமும் தேடினால் கிடைக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைப்பிரசவம் ஏற்கெனவே ஆனவர்கள் மருந்துப் பிரிவில் 28 சதவீதம்தான்; வெற்று ஊசிப் பிரிவில் 41 சதவீதம். குலுக்கிப் போட்டதில் சீட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மொத்தப் பெண்களில் கால்வாசிக்கு மேல் அலபாமாவில் ஒரே மையத்திலிருந்து வந்தவர்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆய்வாளர்கள் இதையெல்லாம் மறைக்கவில்லை. எல்லாம் கட்டுரையிலும் எஃப்.டி.ஏ. ஆவணங்களிலும் உள்ள விவரங்கள்தான். நம்ப வேண்டும் என்ற ஆசை பெரியதாக இருந்தது, அவ்வளவே.

சோதனையில் இருந்தவர்களில் 59 சதவீதம் கறுப்பினப் பெண்கள். ஏறத்தாழ பாதிப் பேர் திருமணமாகாதவர்கள். ஐந்தில் ஒருவர் புகைபிடித்தவர். கறுப்பினப் பெண்களும் மற்றவர்களும் மருந்தால் ஏறத்தாழ ஒரே அளவு பயன்பெற்றதாக அந்த முடிவே சொன்னது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 19 ஆண்டுகள் கழித்து விசாரணையில் இந்த ஒரு வரிக்குப் பெரிய வேலை இருக்கிறது.

15 டாலரிலிருந்து 1,500 டாலர்

2011 பிப்ரவரியில் இந்த ஊசிக்கு மக்கீனா என்ற பெயரில் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. அதுவும் விரைவு அனுமதி. எய்ட்ஸ் நோயாளிகளின் போராட்டத்துக்குப் பிறகு 1992இல் உருவான வழி இது. உயிர் பிழைப்பு போன்ற இறுதிப் பலன் தெரியும்வரை காத்திராமல், அதைக் காட்டக்கூடிய இடைநிலை அளவு ஒன்றை வைத்து மருந்தை விடுவார்கள். இறுதிப் பலனை இன்னொரு சோதனையில் நிறுவனம் காட்டியாக வேண்டும். மக்கீனாவுக்கு இடைநிலை அளவு, 37 வாரத்தைத் தாண்டுவது. இறுதிப் பலன், குழந்தை நன்றாக இருப்பது. இரண்டும் ஒன்றில்லை. 36 வாரம் 5 நாளில் பிறந்த குழந்தையை 37 வாரம் 1 நாளுக்குத் தள்ளினால் புள்ளிவிவரத்தில் வெற்றி. குழந்தைக்குப் பெரிதாக எதுவும் மாறுவதில்லை.

மருந்தின் உரிமை கே.வி. பார்மசூட்டிகல் கையில் இருந்தது. அரிய நோய் மருந்துகளுக்கான சட்டத்தின்படி 7 ஆண்டு தனியுரிமையும் கிடைத்தது. அதுவரை மருந்தகங்களில் கலந்து 10 முதல் 20 டாலருக்குக் கிடைத்த ஊசிக்கு நிறுவனம் வைத்த விலை 1,500 டாலர். ஒரு கர்ப்பத்துக்கு 20 ஊசி வரை போட வேண்டியிருக்கும். பெருக்கிப் பார்த்தால் 30,000 டாலர். முதல் சோதனைக்கு ஆன செலவு மக்களின் வரிப்பணம் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். மருந்தகங்கள் இனிமேல் கலக்கக் கூடாது என்று நிறுவனம் கடிதமும் அனுப்பியது.

ஊர் கொந்தளித்தது. குறைப்பிரசவத்துக்காகவே இயக்கம் நடத்தும் மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பு அனுமதி கிடைத்தபோது வரவேற்றது. விலையைப் பார்த்ததும் எதிர்த்து எழுதியது. அந்த நிறுவனத்திடமிருந்து அது நன்கொடை பெற்றுவந்தது என்பதும் அப்போது பேச்சானது. செனட்டர்கள் ஷெரட் பிரவுனும் ஏமி குளோபசாரும் கேள்வி எழுப்பினார்கள். மார்ச் 30 அன்று, கலந்து தயாரிக்கும் மருந்தகங்கள்மீது நடவடிக்கை எடுக்கும் எண்ணம் தனக்கில்லை என்று எஃப்.டி.ஏ. அறிவித்தது, இரண்டே நாளில் விலை 690 டாலர் ஆனது. கே.வி. 2012இல் திவாலானது. மருந்து கைமாறி 2014இல் அமாக் நிறுவனத்துக்கும், 2020இல் கோவிஸ் நிறுவனத்துக்கும் போனது.

அமெரிக்காவில் பத்தில் நான்கு பிரசவங்களுக்கு ஏழைகளுக்கான அரசுக் காப்பீடுதான் பணம் கட்டுகிறது. கறுப்பினத் தாய்மாரிடம் இந்தப் பங்கு இன்னும் அதிகம். எனவே விலை ஏறியதன் சுமை எங்கே போய் விழுந்திருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது சோதனை

நிறுவனம் காட்டியாக வேண்டிய உறுதிச் சோதனைக்கு புரோலாங் என்று பெயர். 2009இல் தொடங்கி 2018இல் முடிந்தது. 9 நாடுகள், 93 மையங்கள், 1,708 பெண்கள். முதல் சோதனையைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். 35 வாரத்துக்கு முன் பிரசவம்: மருந்துப் பிரிவில் 11.0 சதவீதம், வெற்று ஊசியில் 11.5 சதவீதம். குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு அல்லது மரணம்: 5.6க்கு 5.0. 37 வார அளவில்கூட, அதாவது அனுமதி வாங்கித் தந்த அதே அளவில், 23.1க்கு 21.9. மருந்துப் பக்கம்தான் ஒரு மயிரிழை கூடுதல். பலன் என்று சொல்ல எதுவும் இல்லை.

சோதனை ஏன் இவ்வளவு இழுத்தது? அமெரிக்காவில் ஆள் கிடைக்கவில்லை. மகப்பேறு மருத்துவர் சங்கங்கள் மருந்தைப் பரிந்துரைத்துவிட்டன, வேண்டியவர்களுக்கு நிஜ ஊசியே கிடைக்கும்போது, வெற்று ஊசியாகவும் இருக்கலாம் என்ற சோதனைக்கு யார் வருவார்? அதனால் சோதனை ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் போனது. 61 சதவீதம் பெண்கள் அந்த இரண்டு நாட்டவர்கள். அமெரிக்கர்கள் கால்வாசிக்கும் குறைவு. கறுப்பினப் பெண்கள் ஏறத்தாழ 7 சதவீதம். புகைபிடித்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. விரைவு அனுமதியின் உள்முரண் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. மருந்தை முதலில் விட்டுவிட்டு ஆதாரத்தைப் பிறகு தேடினால், ஆதாரம் எங்கே தேவையோ அங்கே தேட முடியாமல் போகிறது.

நிறுவனத்தின் பதில் இதிலிருந்தே பிறந்தது. இரண்டாவது சோதனையில் இருந்தவர்கள் ஆபத்துக் குறைந்தவர்கள். முதல் சோதனையில் இருந்தவர்களைப் போன்ற அமெரிக்கப் பெண்களுக்கு, குறிப்பாகக் கறுப்பினப் பெண்களுக்கு, மருந்து பலன் தரும். எனவே மருந்தை எடுத்தால் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னோர் அநீதி.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. கறுப்பினப் பெண்களின் நலனுக்காகக் குரல் கொடுக்கும் அமைப்புகள் சிலவும் இதை ஏற்று மருந்துக்கு ஆதரவாகப் பேசின; அந்த ஆதரவுக் கூட்டணிக்கு மருந்து நிறுவனத்தின் பணம் இருந்தது. அந்த அமைப்புகளை வெறும் கைப்பாவைகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. கையில் இருக்கும் ஒரே மருந்தையும் பறிக்கிறார்கள் என்ற கோபத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. ஆனால் வாதம் நிற்குமா என்பது தனிக் கேள்வி. அதற்கு, கறுப்பினம் என்பது இந்த விஷயத்தில் எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இனம் என்ற கட்டத்துக்குள் என்ன இருக்கிறது

சிகாகோவில் இரண்டு குழந்தை மருத்துவர்கள் இருந்தார்கள். ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ். குறைந்த எடைக் குழந்தைகளைப் பராமரிப்பது இருவருக்கும் அன்றாட வேலை. கறுப்பினக் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதற்கு மரபணு காரணமாக இருக்கலாம் என்ற பேச்சு அப்போது சாதாரணமாக இருந்தது. அதை எப்படிச் சோதிப்பது? அவர்கள் எடுத்த வழி அழகானது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் முன்னோர்களில் ஐரோப்பியர் கலப்பும் உண்டு. ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பெண்களிடம் அந்தக் கலப்பு பெரும்பாலும் இருக்காது. மரபணுதான் காரணம் என்றால் குடியேறியவர்களின் குழந்தைகள்தான் எடை மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

இல்லினாய் மாநிலத்தில் 1980 முதல் 1995 வரையிலான பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3,333 கிராம். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3,089 கிராம். குடியேறிய பெண்கள் வெள்ளையினப் பெண்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். 1997இல் இது வெளியானது.

உடல்நலம் உள்ளவர்கள்தானே கடல் கடந்து போகிறார்கள், அதனால் இருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கு 2002இல் அவர்களே அடுத்த தலைமுறையைப் பார்த்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளையினப் பெண்களின் வழிவந்தவர்களிடம், தலைமுறை கடந்தபோது குழந்தைகளின் எடை கூடியது. ஆப்பிரிக்கா, கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்களின் மகள்கள் அமெரிக்காவில் வளர்ந்து பெற்ற குழந்தைகளின் எடை குறைந்தது. ஒரே தலைமுறையில் மரபணு மாறாது. வளர்ந்த ஊர்தான் மாறியிருக்கிறது.

இவை எடையைப் பற்றிய ஆய்வுகள், கர்ப்ப வாரத்தைப் பற்றியவை அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். எடை குறைவதற்குச் சீக்கிரம் பிறப்பதும் ஒரு காரணம், வளர்ச்சி குறைவதும் ஒரு காரணம்.

வறுமை என்று சொல்லி முடித்துவிடவும் வழியில்லை. தாய், தந்தை இருவரும் கல்லூரிப் படிப்பு முடித்த குடும்பங்களை மட்டும் எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1992இல் வந்தது. கறுப்பினக் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 10.2 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள், வெள்ளையினக் குழந்தைகளில் 5.4 பேர். வித்தியாசம் பெரும்பாலும் எடை குறைந்து பிறந்ததால் வந்தது. நல்ல சம்பளமும் பட்டமும் இதை ஈடுகட்டவில்லை. கறுப்பினப் பெண்ணின் உடல், ஓயாத சமூக அழுத்தத்தால் வயதுக்கு முன்பே தேய்கிறது என்ற விளக்கத்தை ஆர்லின் ஜெரோனிமஸ் அதே ஆண்டு முன்வைத்தார்.

அழுத்தம் என்றால் என்ன, அதை எப்படி அளப்பது என்று சந்தேகப்படுகிறவர்களுக்குச் சில சம்பவங்களே இயற்கைச் சோதனைகளாக அமைந்தன. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகான ஆறு மாதங்களில் கலிஃபோர்னியாவில் அரபுப் பெயர் கொண்ட தாய்மாரிடம் குறைப்பிரசவமும் எடை குறைந்த பிறப்பும் முந்தைய ஆண்டைவிட அதிகரித்தன. மற்றவர்களிடம் அப்படி ஆகவில்லை. 2008இல் அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில் குடியேற்ற அதிகாரிகள் இறைச்சி ஆலையில் பெரிய சோதனை நடத்தி நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்தார்கள். அதன்பின் மாநிலம் முழுவதும் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாரிடம் எடை குறைந்த குழந்தைகள் பிறக்கும் வாய்ப்பு 24 சதவீதம் கூடியது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த, நாடுகடத்தப்படும் பயமே இல்லாத தாய்மாருக்கும் கூடியது.

காற்றும் இதில் சேர்த்தி. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா சுங்கச்சாவடிகளில் வண்டியை நிறுத்தாமல் மின்னணு முறையில் கட்டணம் எடுக்கும் ஏற்பாடு வந்தபோது, புகை குறைந்தது. சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் குடியிருந்த தாய்மாரிடம் குறைப்பிரசவம் 10.8 சதவீதம் குறைந்ததாக ஜேனட் கரியும் ரீட் வாக்கரும் 2011இல் காட்டினார்கள். வரிசையில் நிற்கும் லாரிகளை நகர்த்தியது, மக்கீனா இரண்டாவது சோதனையில் செய்ததைவிட அதிகம் செய்திருக்கிறது.

நம்மவர்களுக்கு ஒரு செய்தியும் உண்டு. கலிஃபோர்னியாவில் குடியேறிய இந்தியத் தாய்மாரையும் மெக்சிகோவில் பிறந்த தாய்மாரையும் ஒப்பிட்டு 2003இல் வந்த ஆய்வு. இந்தியர்கள் படிப்பிலும் வசதியிலும் மேலே. ஆனால் எடை குறைந்த குழந்தைகள் இந்தியர்களிடம்தான் அதிகம். மெக்சிகோவிலிருந்து வந்த, படிப்பும் காப்பீடும் குறைந்த பெண்களின் குழந்தைகள் நல்ல எடையோடு பிறந்தன. யாரையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, சோதனைப் படிவத்தில் இனம் என்று ஒரு கட்டம் இருப்பதால் மட்டும் என்ன தெரிந்துவிடும்? அது உடலுக்குள் இருக்கும் ஒரு பொருளின் பெயர் இல்லை. ஒரு பெண் எந்தத் தெருவில் வளர்ந்தாள், எந்தக் காற்றைச் சுவாசித்தாள், மருத்துவமனையில் அவள் பேச்சை யார் காதில் வாங்கினார்கள் என்பதற்கெல்லாம் போடப்பட்ட ஒரு சுருக்கக் குறி. அந்தக் குறிக்கு வாரம் ஒரு ஊசி போடலாம் என்று நினைத்ததுதான் சிக்கல்.

விசாரணை

எஃப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழு 2019 அக்டோபரில் கூடியபோது மருந்தைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டும் என்று 9 பேரும், வேண்டாம் என்று 7 பேரும் வாக்களித்தார்கள். அவ்வளவு நெருக்கம். ஓராண்டு கழித்து எஃப்.டி.ஏ.யின் மருந்துப் பிரிவு அனுமதியை ரத்து செய்ய முன்மொழிந்தது. நிறுவனம் மேல்விசாரணை கேட்டது. அது நடந்தது 2022 அக்டோபர் 17 முதல் 19 வரை. இரண்டாவது சோதனை வெளியாகி மூன்று ஆண்டுகள். இதற்கிடையில் ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

விசாரணையில் எஃப்.டி.ஏ. மருந்துப் பிரிவின் வாதம் எளிமையானது. முதல் சோதனையிலேயே கறுப்பினப் பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே பலன் என்றுதான் வந்தது. அப்படியானால் இரண்டாவது சோதனையில் கறுப்பினத்தவர் குறைவு என்பதால் பலன் மறைந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? மற்றவர்களிடமாவது அது தெரிந்திருக்க வேண்டுமே. இரண்டாவது சோதனையின் அமெரிக்கப் பெண்களை மட்டும் பிரித்தும், கறுப்பினப் பெண்களை மட்டும் பிரித்தும் பார்த்தார்கள். எதிலும் பலன் புலப்படவில்லை. ஆபத்து அதிகம் உள்ளவர் என்பது ஒன்று, மருந்து அவரிடம் வேலை செய்யும் என்பது வேறொன்று. முதலாவதற்கு ஆதாரம் மலைபோல் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை.

மாசசூசெட்ஸில் பணிபுரியும் மகப்பேறு மருத்துவர் ஆடம் உராட்டோ போன்றவர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவந்ததும் இதுதான். வேலை செய்யாத செயற்கை ஹார்மோனைக் கறுப்பினக் கர்ப்பிணிகளுக்கு மட்டும் தொடர்ந்து ஏற்றுவதைச் சமத்துவம் என்று அழைப்பது எப்படி? எனக்கும் இந்தப் பக்கம்தான் சரியாகப் படுகிறது.

விசாரணையின் முடிவில் ஆலோசனைக் குழு வாக்களித்தது: மருந்தைச் சந்தையிலிருந்து எடுக்கலாம் என்று 14 பேர், வேண்டாம் என்று ஒருவர். 2019இன் 9க்கு 7ஐ இதோடு வைத்துப் பாருங்கள். 2023 மார்ச்சில் நிறுவனமே தானாக விலக்கிக்கொள்வதாக அறிவித்து, இருப்பை மெதுவாக விற்றுத் தீர்க்க அவகாசம் கேட்டது. எஃப்.டி.ஏ. ஒப்பவில்லை. ஆணையர் ராபர்ட் கேலிஃபும் தலைமை விஞ்ஞானி நமாஞ்சே பம்பஸும் சேர்ந்து கையெழுத்திட்ட முடிவு ஏப்ரல் 6இல் வந்தது. குறைப்பிரசவம் கறுப்பினப் பெண்களைக் கூடுதலாகத் தாக்கும் நிலையில் இன்னும் ஒரு நல்ல மருந்து கிடைக்கவில்லையே என்ற வருத்தத்தை கேலிஃப் மறைக்கவில்லை.

இப்போது

ஊசி போனாலும் புரொஜெஸ்டிரோன் முழுவதும் போய்விடவில்லை. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் ஸ்கேன் செய்து கருப்பைவாய் குட்டையாக இருப்பது தெரிந்தால், பிறப்புறுப்பு வழியாக வைக்கும் இயற்கைப் புரொஜெஸ்டிரோன் உதவுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2007இல் வெளியான ஒரு சோதனையில் 34 வாரத்துக்கு முன் பிரசவம் 34.4 சதவீதத்திலிருந்து 19.2 சதவீதமாகக் குறைந்தது. அது வேறு பொருள், வேறு வழி, தேர்ந்தெடுத்த வேறு பெண்கள். முன்பு குறைப்பிரசவம் ஆனது என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் கொடுத்தால் அதன் பலனும் மங்கிவிடுகிறது.

குறைப்பிரசவத்தை நிறுத்த முடியாவிட்டாலும் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரலைத் தயார்செய்ய முடியும். தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி 1972இல் ஆக்லாந்தில் கிரகாம் லிக்கின்ஸும் ராஸ் ஹோவியும் காட்டிய வழி. லிக்கின்ஸ் தேடிப்போனதோ ஆடுகளில் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்பதை. மருந்து தேடிப் போகாமல் காரணம் தேடிப் போனவருக்கு அகப்பட்ட மருந்து அது.

ஐரோப்பாவில் 17-ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோன் கேப்ரோயேட் கலந்த மருந்துகளை நிறுத்தி வைக்க ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு 2024 மே மாதம் பரிந்துரைத்தது. குறைப்பிரசவத்தைத் தடுக்கவில்லை என்பதோடு, கருவிலிருக்கும்போது இந்த மருந்துக்கு ஆளானவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் ஆபத்து இருக்கக்கூடும், அது உறுதியாகாவிட்டாலும் தள்ளிவிட முடியாது என்பது அவர்கள் கணக்கு. இந்தியாவில் இதே மருந்து புரோலூட்டான் டெப்போ என்ற பெயரில் நெடுங்காலமாக விற்பனையில் உள்ளது. கர்ப்பம் தங்குவதற்கான ஊசி என்று சொல்லித்தான் நம் பெண்கள் பலர் இதைப் போட்டுக்கொள்கிறார்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் பதற வேண்டியதில்லை. இனிமேல் சீட்டில் இந்தப் பெயர் வந்தால், எதற்காக இது, கருப்பைவாயின் நீளத்தை அளந்து பார்த்தீர்களா, இதைவிட ஆதாரமுள்ள வேறு வழி எனக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.